ஒரே வேனில் மூன்று ஒப்பந்தக்காரர்கள்

விலைமனு கேட்கும் வேலையில் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அவரை முறைத்துப் பார்த்தே விரட்டியிருப்பேன். கண்டியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் திட்டமிடல் என் பொறுப்பு. எனக்கு விதிகள் பிடிக்கும். மற்றவர்கள் விதிகளை மீறுவதைக் கண்டுபிடிப்பது அதைவிடப் பிடிக்கும். அலுவலகத்தில் என் காதுபட யாரும் “பரவாயில்ல” என்று சொல்வதில்லை.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி கட்ட எங்களுக்குப் பணம் கிடைத்தது. பழைய முன்பள்ளியின் தகரக் கூரை ஓட்டையாகிவிட்டிருந்தது. மழை வந்தால் வாளிகளை எங்கெங்கே வைப்பது என்று பிள்ளைகளுக்கே மனப்பாடம். வாளிகளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். அங்கே ஒரே ஒரு ஆசிரியை. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரிய மழைக்குள்ள கூரை வரலேன்னா மூடிருவோம்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு மிஸ். புள்ளைங்கள கீழ்த் தோட்டத்துக்கு அனுப்பணுமாம். மூணு வயசுப் புள்ள அவ்வளவு தூரம் நடக்குமா? வீட்டுலயே நின்னுரும்.”

“கட்டாயம் வரும் டீச்சர்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விளம்பரம் கொடுத்ததில் மூன்று பேர் முன்வந்தார்கள். அலவத்துகொடவில் மரமும் கூரைத் தகடும் விற்கும் ஒரு முஸ்லிம் நானா, தெல்தெனியவில் இருந்து சுவர் கட்டும் ஒரு மேசன் பாஸ், வத்தேகமவில் கடையும் லொறியும் டிராக்டரும் வைத்திருக்கும் ஒரு அண்ணன். குறைந்தது மூன்று தனித்தனி விலைமனுக்கள் வேண்டும் என்பது எங்கள் விதி. மூன்று பேர் சரியாக இருந்ததில் எனக்குப் பரம திருப்தி. மனுப் போடுகிறவர்கள் முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அலுவலகத்தில் இருந்தது ஒரு வேன். எதற்கு மூன்று பயணம் என்று மூவரையும் அதிலேயே ஏற்றினேன்.

விலை பேசிவிடக் கூடாதே என்று மூன்று பேரையும் மூன்று வரிசையில் உட்கார வைத்தேன். “இந்த வேனில் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்று பள்ளிக்கூட மொனிட்டர் போல அறிவித்தேன். அவர்களும் மிகவும் கீழ்ப்படிவானவர்கள், விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். பாஸின் சீனி வருத்தம், அண்ணனின் மகளுக்குக் கெம்பஸில் படிக்கக் கிடைத்த இடம், நானாவின் முழங்கால் என்று பேச்சு வளர்ந்தது. வத்தேகம வந்ததும், “இது நம்ம ஊரு, தேத்தண்ணி குடிக்காமப் போறதா?” என்று அண்ணன் வேனை நிறுத்தினார். நானா மனைவி கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்தார். உள்ளே முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். ஏலக்காய் வாசம் வேனையே நிறைத்தது.

“மிஸ், ஒரு துண்டு.”

“மனுப் போடுறவங்ககிட்ட ஒரு கோப்பை தேத்தண்ணி கூட நான் வாங்கக் கூடாது நானா.”

“அப்ப வேல முடிஞ்ச பொறகு தாறேன். இன்ஷா அல்லாஹ்.”

மூன்று பேரும் சப்புக்கொட்டிச் சாப்பிட, நான் ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே நேர்மை அவ்வளவு கசந்ததில்லை.

தோட்டத்துக்கு ஏறும் பாதையின் கடைசி வளைவில் எங்கள் வேனே திணறியது. அண்ணன் இறங்கிப் பார்த்துவிட்டு, இதில் லொறி திரும்பாது, தன்னுடைய சின்ன டிராக்டர்தான் போகும் என்றார். நானா கூரை மரத்தை அளந்தார். பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்தார். திரும்பும் வழியில் மூவரும் கடைசி வரிசையில் ஒன்றாக நெருங்கி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் அதைச் சுற்றுலாக் குதூகலம் என்று நினைத்துக்கொண்டேன்.

டெண்டர் பெட்டியைத் திறக்கும் நாள் வந்தது. எங்கள் பணிப்பாளர் பூட்டைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். பெட்டிக்குள் ஒரே ஒரு உறை. அதில் மூன்று முத்திரைகள், மூன்று கையெழுத்துகள்.

“இதென்ன, கல்யாணப் பத்திரிகையா?” என்றார் அவர்.

நான் வெளியே ஓடிப் போய் நானாவுக்குப் போன் எடுத்துக் கத்தினேன்.

“தனிய செய்ய ஏலாது மிஸ். எனக்குச் செவரு வராது, பாஸுக்குக் கூரை வராது, ரெண்டு பேருக்கும் டிராக்டர் இல்ல. சேந்துட்டோம். மிஸ்தானே எங்கள ஒரே வேன்ல ஏத்தின?”

ஒரு மனுவை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் எழுத முடியாது. பணம் கொடுத்தவர்கள் மாத முடிவுக்குள் ஒப்பந்தம் கேட்டார்கள், இல்லையென்றால் பணம் திரும்பிப் போய்விடும். மலை மேலே அந்த ஆசிரியை என்னை நம்பிக்கொண்டிருந்தார். அழுகைதான் வந்தது. பணிப்பாளர் இரக்கப்பட்டு ஒரு வாரம் கொடுத்தார்.

“ஆளுங்கள நாங்க கூட்டிட்டு வாறோம் மிஸ்” என்றார்கள் மூவரும்.

“பேருக்கு ஒரு ஆள் வேண்டாம். உங்களை உண்மையாகவே தோற்கடிக்க நினைக்கிற ஆள் வேண்டும்.”

நானா கொஞ்சம் யோசித்தார். “அப்படீன்னா என்ட மச்சான்தான்” என்றார்.

நானாவின் மனைவியின் தம்பி அவர், கடைத் தகராறில் இருவரும் பல காலமாக முகம் பார்ப்பதில்லை. நானாவுக்குப் போட்டி என்றதும் அந்த மனிதர் பறந்து வந்தார். அண்ணனும் தன் கடைக்கு எதிர்க்கடைக்காரரைக் கிளப்பிவிட்டார். இந்தத் தடவை நான் உஷார். ஒருவரை ஒரு நாள், மற்றவரை இன்னொரு நாள் என்று கூட்டிப்போனேன். வழியில் யாரையும் பாட விடவில்லை.

மூவரின் கூட்டு உறையோடு சேர்த்துப் பெட்டியில் மூன்று உறைகள் இருந்தன! எண்ணிப் பார்த்துவிட்டு நான் கைதட்டியே விட்டேன். எல்லாவற்றையும் ஒப்பிட்டதில் வென்றவர் மச்சான். விதிப்படி அவருக்கே ஒப்பந்தம் எழுதினோம். தோற்ற செய்தியை நானாவுக்குப் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆனால் அவர் சிரித்தார், பக்கத்தில் இருந்து இன்னும் இரண்டு பேர் சிரிப்பதும் கேட்டது.

“அவர் அந்த வளைவுல லொறியத் திருப்பட்டும், பாப்பம்.”

லொறி திரும்பவில்லை. மச்சான் கொஞ்ச நாள் வீம்பு பிடித்தார். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஆசிரியை தினமும் எனக்குப் போன் எடுத்து, “வேலைக்கு ஆளுங்க எப்ப வருவாங்க மிஸ்?” என்று கேட்டார். கடைசியில் மச்சான் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். வேலையில் சில பகுதிகளை மற்றவர்களுக்கு உப ஒப்பந்தமாகக் கொடுக்கலாமா என்று கேட்டார். எழுத்தில் அனுமதி பெற்றால் கொடுக்கலாம் என்பது எங்கள் விதி, அந்த விதியை நான் முத்தமிடாததுதான் குறை. டிராக்டருக்கு அண்ணன், சுவருக்கு பாஸ். கூரைக்கு மட்டும் பெயர் சொல்லாமல் மச்சான் நெளிந்தார்.

“எங்கட ராத்தாட வூட்டுக்காரர்ட்ட நல்ல மரம் ஈக்கி” என்றார் மெதுவாக. அவருடைய அக்காவின் கணவர், அதாவது நம் நானா.

கட்டி முடித்து ஒப்படைக்கிற நாளில் அவர்கள் நாலு பேரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். நாங்கள் உள்ளே போனதுமே பெரிய மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வழக்கம்போல ஓடிப் போய் வாளிகளைக் கொண்டுவந்து புதுத் தரையில் வைத்து, சுற்றி உட்கார்ந்து மேலே பார்த்துக் காத்திருந்தார்கள். கூரையில் மழை கொட்டுகிறது. கீழே ஒரு சொட்டு இல்லை.

“டீச்சர், தண்ணி வர மாட்டேங்குது” என்று ஒரு சின்னப் பெண் குறைப்பட்டாள்.

ஆசிரியை சிரிக்கத் தொடங்கி அழுதார், அழுதுகொண்டே திரும்பவும் சிரித்தார். நானா டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு உட்கார இடம் தேடினேன். கதிரைகளுக்கு நான் இன்னும் டெண்டர் அழைத்திருக்கவில்லை. ஆசிரியை கண்ணைத் துடைத்துவிட்டு, பிள்ளைகள் நடுவில் இருந்த ஒரு வாளியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டார்.

“இனி இது எதுக்கு மிஸ், உக்காருங்க” என்றார்.