சிவப்புக் காகிதம் ஒட்டிய பம்புசெட்

லோவானின் வயல் மீகாங் ஆறு கடலில் கலக்கும் பக்கத்தில் இருந்தது. வயலுக்குள் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று பாதி புதைந்து நின்றது. குழாய்க்குள் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கிய பிறகுதான் வாய்க்காலிலிருந்து இறைக்க வேண்டும். அப்படிக் காயவிட்டுப் பாய்ச்சினால் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும், விளைச்சல் குறையுமா என்று கான்தோ நகரத்துப் பெண் குயென் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். குழாயைப் பார்த்தே இறைப்பதாக மூன்று போகத்துக்கு லோவான் கையெழுத்துப் போட்டிருந்தாள். நெல்லுக்குத் தாகமா என்று அவள் குழாயிடம்தான் கேட்பாள் என்று பக்கத்து வயல்காரர்கள் கேலி பேசினார்கள். லோவான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள் காலையில் கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டு விரல் தண்ணீர் இருந்தது. சுற்றிலும் எல்லாரும் இறைத்து முடித்திருந்தார்கள். அமாவாசைக் கடலேற்றத்தில் வாய்க்காலுக்குள் உப்பு ஏறிவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. லோவான் குயெனுக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு விரல்தானே அக்கா? நாளைக்கு இறங்கிடும். காலையிலேயே இறைச்சுக்குங்க."

நாளைக்கு முடியாது என்று லோவான் சொல்லவில்லை. மத்தியானம் மாமனார் மண்வெட்டி, கலப்பை, நெல் குதிர், பம்புசெட் எல்லாவற்றிலும் சிவப்புக் காகிதம் ஒட்டிவிடுவார். வருடமெல்லாம் உழைத்தவை அவை; புத்தாண்டுக்கு அவற்றுக்கும் ஓய்வு. மூன்றாம் நாள் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. படித்த பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. வாய்க்கால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். பம்புசெட்டுப் பக்கத்தில் போய்க் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டாள். வீட்டில் விருந்தாளிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. புத்தாண்டு முதல் நாளில் மருமகள் காகிதத்தைக் கிழித்தாள் என்று ஆனால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அது அவளால் வந்ததுதான். கையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தண்ணீர் லேசாகக் கரித்தது.

மூன்றாம் நாள் மாமனாரே காகிதத்தை உரித்துக் கொடுத்தார். லோவான் வாய்க்காலில் கையை நனைத்து நக்கினாள், துப்பினாள். குயெனுக்குப் போன் செய்து, இன்னும் இறைக்கவில்லை, வாய்க்கால் உப்பாகிவிட்டது என்றாள்.

"இறைக்காதீங்க அக்கா. நெல்லும் போகும், மண்ணும் போகும். இறைக்கலைன்னு முந்தாநாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

அடுத்த கடலேற்றத்திலும் உப்புத்தான் வந்தது. வயல் வெடித்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. கதிர்கள் வெளுப்பாக, பால் பிடிக்காமல், நிமிர்ந்தபடியே வந்தன.

வாத்து மேய்க்க வாத்துக்காரனுக்கு விட்டது போக மீதிப் பயிரை மாமனார் மாட்டுத் தீவனத்துக்கு அறுத்தார். குழாய்தான் குடியைக் கெடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பற்றி லோவான் வாயைத் திறக்கவில்லை. திறந்துவிட்டு அந்த வீட்டில் எங்கே இருப்பது?

"அடுத்த போகத்துக்கும் அந்தக் குழாய நட்டுவச்சுப் பாத்துக்கிட்டுதான் இருக்கப் போறியாம்மா?"

"மூணு போகத்துக்கு எழுதிக் குடுத்துட்டேனே, மாமா."

அவர் அடுத்த பிடியை அறுத்தார். அவள் பின்னாலேயே போய்க் கட்டிக்கொண்டே வந்தாள்.