எதிர்வீட்டு அக்கா உடைத்த வேகத்தடை

பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெரு, கம்பம் ரோட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் போகிறது. ரோட்டில் நெரிசல் கூடக்கூட, வண்டிக்காரர்கள் எங்கள் தெருவைக் குறுக்குவழி ஆக்கிக்கொண்டார்கள். தேனி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிய வேன்களும் குச்சனூர் கோயிலுக்குப் போகும் கார்களும் வாசலை உரசிக்கொண்டு பறந்தன.

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவின் மகள் சைக்கிளில் வரும்போது பைக் ஒன்று இடித்துத் தள்ளியது. கை ஒடிந்துவிட்டது. அக்கா வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றும் கத்தவில்லை. மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எங்களுக்குத்தான் ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை தெரு ஆண்கள் சேர்ந்து ஜல்லியும் சிமெண்டும் குழைத்து, அக்கா வீட்டு முன்னால் நல்ல உயரமாக ஒரு வேகத்தடை போட்டோம். இனி எவன் பறப்பான் பார்க்கலாம் என்று பெருமை.

மறுநாளே மொபெட்டில் வந்த ஒரு தம்பதி அதில் ஏறிச் சரிந்தார்கள். பின்னால் இருந்த அம்மாவுக்கு நெற்றியில் ரத்தம். அக்கா ஓடிவந்து துணியைக் கிழித்துக் கட்டினார், தண்ணீர் கொடுத்தார். அவர்களை அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து வேகத்தடையை இடிக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா, ஒங்க புள்ளைக்காகத்தானே போட்டோம்?" என்றேன்.

"எம்புள்ள கை ஒடிஞ்சதுக்கு அந்தம்மா மண்டை ஒடையணுமா? மெதுவாப் போனாப் போதும்ப்பா. விழ வேணாம்."

கடப்பாரையை வாங்கி மிச்சத்தை நானே இடித்தேன்.

பிறகு அக்கா முறையான வேகத்தடை கேட்டுப் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கட்டுப் போட்ட மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவார். அங்கிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை விடவில்லை. கடைசியில் தாழ்வாக, அகலமாக, வெள்ளைக் கோடு போட்ட வேகத்தடை வந்தது. புருஷனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அதன் மேல் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கவ ஒக்காந்து போனாலும் குலுங்காது" என்றார்.

எங்கள் தெரு அமைதியானது. ஆனால் வண்டிகள் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டன. அங்கே ஒரு பால்வாடி இருக்கிறது. துணி தைக்கக் கொடுக்க வந்த பெண் ஒருத்தி சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

"அது அவுக தெருக்கா, அவுக பாத்துக்கிருவாக" என்றேன்.

"நாம வெரட்டுன வண்டிதானப்பா அங்கன போகுது" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் அவர் மெயின் ரோட்டுத் திருப்பத்தில் போய் நின்றார். வேலைக்குப் போகிற வழியில் நானும் நின்றேன். காரணம் கண்ணெதிரே இருந்தது. ஷேர் ஆட்டோக்கள் திருப்பத்திலேயே வரிசையாக நின்று ஆள் ஏற்றின. பஸ் ஓரம் கட்ட இடமில்லாமல் நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து தெருக்களுக்குள் புகுந்தார்கள்.

அக்கா ஆட்டோக்காரர்களிடம் போய், "அந்த வேப்பமரத்துக்கு அங்கிட்டு நின்னு ஏத்துங்களேன்" என்றார்.

"அம்புட்டுத் தூரம் ஆளுக நடந்து வருவாகளா?"

"வரச் சொல்றது என் பொறுப்பு."

சொன்னபடியே தினமும் காலையில் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு அங்கே நின்று, ஆட்டோ தேடி வருகிறவர்களை மரத்தடிக்கு அனுப்பினார். சிலர் சிரித்தார்கள். பழகியபின் யாரும் சொல்லாமலே அங்கே போனார்கள். போலீஸ்காரர் ஒருவர் திருப்பத்தில் தடுப்பும் வைத்துக் கொடுத்தார். நெரிசல் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் தெருக்களுக்குள் புகுகிற வண்டி வெகுவாகக் குறைந்துவிட்டது.

போன வாரம் என் மனைவி ரவிக்கைத் துணி கொடுக்கப் போனபோது அக்கா வீட்டில் இல்லை. பால்வாடி வாசலில் தெருவிளக்கு எரியவில்லையாம். பேரூராட்சிக்குப் போயிருக்கிறார் என்றாளாம் மகள்.