ஆவடி தாங்குமா?

ஆவடி ராணுவ டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த ஜோசப்ராஜுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் ஞானம் பிறந்தது. தொண்ணூற்றாறாம் வருடக் கடைசியில், கால்பந்துக்குத் தேசிய லீக் தொடங்கப்போகிறார்கள் என்று பேப்பரில் படித்தார். கல்கத்தாவுக்கு அணி உண்டு, கோவாவுக்கு உண்டு, ஆவடிக்கு மட்டும் இல்லை. இப்படியொரு அநியாயம் நடந்திருப்பதை ஊரில் வேறு ஒருவரும் கவனிக்கவில்லை என்பது அவருக்குக் கூடுதல் வருத்தம்.

அவர் வெறும் வாய்ச்சவடால் பேர்வழி இல்லை. பதினெட்டு வருடம் ஃபேக்டரி அணிக்கு ஆடியவர். இடது முட்டி கழன்ற பிறகுதான் நிறுத்தினார். அந்த முட்டி மழைக்காலத்தில் வலிக்கும். மற்ற மாதங்களில் அதைப் பற்றிப் பேசுவார்.

ஸ்டேஷன் எதிரே இருந்த டீக்கடையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவருடைய பழைய சிநேகிதரும் நகராட்சி கிளார்க்குமான செங்கல்வராயன் கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மாமே, குடிக்கிற தண்ணியே லாரில வந்துகினு கீது. உனக்கு டீம் கேக்குதா? ஆவடி தாங்குமா?"

"ரெண்டு லட்சம் பேரு கீறாங்க. நூத்துக்கு அஞ்சு பேரு வந்தா பத்தாயிரம். சரியா வருதா இல்லியா?"

"பேப்பர்ல சரியாத்தான் வருது. கிரவுண்டுக்கு வரணுமே."

ஜோசப்ராஜ் அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். வேலை ஆவடியிலேயே இருக்க, பன்னிரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, காலை லோக்கல் ரயிலில் சென்ட்ரல் வரை நின்றுகொண்டே போய், நம்ம ஊருக்கு டீம் வந்தால் மேட்ச் பார்க்க வருவீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் ஆயிரத்து நூற்று முப்பத்தொரு பேர் கட்டாயம் வருவதாகச் சொன்னார்கள். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன் எதைக் கேட்டாலும் சரி என்பான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மறுத்த ஒன்பது பேரிடமும் வில்லிவாக்கம் தாண்டும்வரை வாதாடினார்.

அவர் மனைவி ஜெயசீலி டீச்சருக்குத்தான் தாங்கவில்லை. "வேளாங்கண்ணி போலாம்னா லீவு இல்ல. ரயில்ல நின்னுகினு போறதுக்கு மட்டும் லீவு வந்துடுச்சா?"

"ஒரு மேட்ச் வெச்சிக் காட்டறேன். அப்ப பேசு," என்றார் ஜோசப்ராஜ்.

ஃபேக்டரிப் பையன்களை வைத்து ஆவடிக்கு ஓர் அணி திரட்டி, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மேட்ச் ஏற்பாடு செய்தார். சென்னை முதல் டிவிஷனில் ஆடும் ஒரு வங்கி அணி பெருந்தன்மையோடு வரச் சம்மதித்தது. வார்டு கவுன்சிலர் ஆனந்தன் பந்தை உதைத்துத் தொடங்கிவைப்பதாக ஏற்றுக்கொண்டார். சிநேகிதருக்கு உதவலாம் என்று செங்கல்வராயன், "பெரிய ஆளு ஒருத்தர் வராரு," என்று டீக்கடையில் சொல்லிவைத்தார். அந்தப் பெரிய ஆள் பக்கத்துக் கோவில்பதாகைக்குப் போய்ச் சேருவதற்குள் சினிமா நடிகராகிவிட்டார். கொஞ்சம் தள்ளியிருக்கும் பாடியை எட்டும்போது கூடவே ஒரு நடிகையும் வந்திருந்தார்.

மூன்று மணிக்கே மைதானத்தில் ஆறாயிரம் பேர். மதில்மேல் ஆள், மரத்தில் ஆள், தண்ணி லாரியின் கூரையிலும் ஆள். ஜோசப்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா செங்கலு? ஆவடி தாங்குமான்னு கேட்டியே?"

செங்கல்வராயனுக்குக் காரணம் தெரியும். மரத்தில் இருந்தவர்களை எண்ணுவதுபோல அண்ணாந்து பார்த்தார்.

நான்கு மணிக்கு ஆனந்தன் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக நடந்து வந்து பந்தை உதைத்தார். அது நான்கு அடி தூரம் உருண்டது. "இவுரா?" என்று யாரோ கேட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் மைதானம் காலியாகிவிட்டது. ஜனங்கள் போன வேகத்தில் கிளம்பிய புழுதி அடங்க மேலும் பத்து நிமிடம் பிடித்தது. கவுன்சிலரும் அந்தப் புழுதியோடு போய்விட்டார்.

ஜோசப்ராஜ் கோட்டோரமாக உட்கார்ந்தார். ஆட்டத்தைப் பார்க்கவே மனசு வரவில்லை. ஆட்டம் என்னவோ அருமையாகத்தான் இருந்தது. வங்கி அணி இரண்டு கோல் போட்டது. இரண்டாவது பாதியில் ஆவடி ஆள் ஒருவன் மூன்று பேருக்கு நடுவே உள்ளே புகுந்து, கூட்டாளி தட்டிவிட்ட பந்தை வாங்கி ஒன்றைத் திருப்பிப் போட்டான். உடனே ரெஃப்ரி கையைத் தூக்கினார்.

"அது எப்படி ஆஃப்சைடு? அவங்க பேக்கு ஆடறவன் உள்ளதான நின்னுகினு இருந்தான்," என்று பின்னால் ஒரு குரல். திரும்பினார். ஜெயசீலி குடையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடமாகத் தன் கால்பந்துப் பேச்சை மனைவி காதில் வாங்குவதேயில்லை என்றுதான் ஜோசப்ராஜ் நினைத்திருந்தார்.

"நீ இன்னும் போவலியா?"

"மேட்ச் முடியலியே. எண்பத்தேழு பேரு கீறோம், எண்ணிட்டேன். நீங்க ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறீங்க? தள்ளுங்க, மறைக்குது."

அவர் தள்ளி உட்கார்ந்தார். மீதி ஆட்டத்தை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஆவடி தோற்றது.

மறுநாள் லீக் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத இரண்டு சிநேகிதர்களும் உட்கார்ந்தபோது, ஆறாயிரம் என்று மட்டும் எழுதினால் போதும் என்றார் செங்கல்வராயன். "தொடக்கத்துல ஆறாயிரம், முடிவுல எண்பத்தேழு. ரெண்டும் உண்மைதான?" என்று இரண்டையும் எழுதவைத்தார் ஜோசப்ராஜ். நான்கு மாதம் கழித்து மூன்றே வரியில் பதில் வந்தது. கேலரியில் எத்தனை ஆயிரம் இருக்கை, விளக்குக் கம்பம் எத்தனை, வெளியூர் ஆட்டக்காரர்கள் தங்க எந்த ஓட்டல் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மைதானத்தில் இருந்தது ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதிலும் ஒரு கால் செங்கல்.

ஜோசப்ராஜ் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மாவட்ட லீகின் கடைசி டிவிஷனுக்கு விண்ணப்பித்தார். அங்கே பதினோரு ஆட்களும் இரண்டு பந்தும் இருந்தால் போதும். ஓட்டலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். செங்கல்வராயன் செக்ரட்டரி ஆனார். வதந்திக்குப் பிராயச்சித்தம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தொண்ணூற்றொன்பதில் எட்டு அணிகளில் ஆவடி ஆறாவதாக வந்தது. அதைக் கொண்டாட ஊர் தெருவில் இறங்கியதாகத் தகவல் இல்லை. கடைசி மேட்ச் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, ஜோசப்ராஜ் ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் அடுத்த வருடத்து அணியை எழுதிக்கொண்டு வந்தார். ஜெயசீலி அதை வாங்கிப் பார்த்து, கோல்கீப்பரின் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்.

"இவன் எகிற மாட்டான்," என்றார்.

ஜோசப்ராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.