பின்னால் அடித்த பலகை

தூத்துக்குடியில் சவுண்ட் சர்வீஸ் என்றால் நாற்பது வருஷமாக என் கடைதான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் இந்த உப்புக்காற்றில் ஒரு ஆம்ப்ளிபயரைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லாப் பெட்டிக்கும் பின்னால் பலகை அடித்து, ஓரத்தில் ரப்பர் ஒட்டி, காற்றுப் புகாமல் மூடிவிடுவேன்.

என் தம்பி பயணிகள் கப்பலில் கிடார் வாசித்தவன். வருஷத்தில் பத்து மாதம் கடல். சலித்துப்போய் வந்தவனுக்கு இங்கேயே ஒரு ஓட்டலில் தினம் வாசிக்கும் வேலை கிடைக்கும்போல் இருந்தது. பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் அவன் வாசிப்பதைக் கேட்க மேனேஜர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

சின்ன ஆம்ப் ஒன்று போதும் என்றான் தம்பி. நான் விடவில்லை.

"ஏலே, என் தம்பி ஒத்தைப் பெட்டியத் தூக்கிட்டுப் போனா ஊரு என்னல சொல்லும்?"

"ஊரு பாட்டக் கேக்கும்ணே. பெட்டியவா கேக்கும்?"

கண்ணாடிக் குழாய் சூடேறி வேலை செய்யும் வால்வு ப்ரீ ஆம்ப், வால்வு பவர் ஆம்ப் இரண்டையும் சென்னையிலிருந்து பழசாக வரவழைத்தேன். இரும்பு ரேக் என் இடுப்பு உயரம். கனமான பவர் ஆம்பைத் தம்பி அடியில் வைத்தான். அதற்கு மேல் இரண்டு தட்டு காலியாக விட்டு ப்ரீ ஆம்ப். காலி இடத்துக்கு முன்னால் கறுப்புத் தகடு. ஸ்பீக்கர் எட்டு ஓம் என்று பார்த்து, ஆம்பிலும் எட்டிலேயே சொருகினான். ட்ரெபிளைக் குறைத்து வால்யூமை ஏற்றியபோது வந்த சத்தம் கருப்பட்டிப் பாகு மாதிரி இறங்கியது.

"பின்பக்கம் தெறந்தே கெடக்கட்டும்ணே. சூடு வெளிய போவணும்."

"வால்வப் பத்தி எனக்கா சொல்லுத? நான் மொதல்ல தொட்டதே வால்வு செட்டுதாம்ல."

கல்யாணத்தன்று காலை, அவன் இல்லாத நேரம் பார்த்துப் பலகை அடித்தேன். வயர் போக ஒரு ஓட்டை. மேடையிலும் வயரை நானே சொருகினேன். அவன் முன்பக்கம்தான் பார்த்தான்.

மூன்று பாட்டு வரை மண்டபமே தலையாட்டியது. மேனேஜர் பந்திக்குப் போகாமல் நின்று கேட்டார். நாலாவதில் சத்தம் சன்னமாகி, கரகரத்து, நின்றது. டிரான்ஸ்பார்மர் வார்னிஷ் கருகும் நாற்றம். பியூஸ் மாற்றினேன், மாற்றிய கையோடு அதுவும் போயிற்று. சத்தமில்லாத கிடாரில் தம்பி அந்தப் பாட்டின் மிச்சத்தை விரலால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பழைய சரக்கு சார். வித்தவன் ஏமாத்திட்டான்" என்றேன் மேனேஜரிடம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்.

தம்பி ரேக்கின் பின்னால் வந்தான். பலகையைத் தொட்டவன் சூடு தாங்காமல் கையை எடுத்தான். ஓரத்தில் ரப்பர் ஒட்டியிருந்த நேர்த்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எங்கள் ஊரில் அப்படி ஒட்ட ஒரே ஆள்தான்.

"நல்லாத்தான் அடைச்சிருக்கிய, அண்ணே."

ஓட்டலில் இருந்து கூப்பிடவில்லை. அடுத்த மாதமே கப்பலேறிவிட்டான். போனில் என் சுகர், பிள்ளைகள் படிப்பு எல்லாம் கேட்பான். ரேக்கைப் பற்றி மட்டும் கேட்டதில்லை.

பலகையைக் கழற்றிவிட்டேன். கடலைப் பார்த்த ஜன்னலோரம் ரேக் திறந்தே கிடக்கிறது. வால்வு சொருகும் இடமெல்லாம் பச்சை பூத்துவிட்டது. மூட எனக்கு அரை மணி நேரம் போதும். என்னைப்போல் மூட இங்கே எவனும் கிடையாது. கைதான் வரமாட்டேன் என்கிறது.