பெரிய திரையில் அவர்கள் வீட்டு விலாசம்

என் அண்ணைக்கு ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்கத் தெரியாது. எனக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியபோது, அப்பா இல்லாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்கும் பொறுப்பு இவருக்கு வந்து சேர்ந்தது. மற்ற வீடுகளில் என்றால் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய், தேத்தண்ணீர் குடித்து, ஊர்க்கதை எல்லாம் கதைத்து, கடைசியில் விஷயத்துக்கு வருவார்கள். அண்ணை என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவருடையது கம்பனிக் கணினியாம். அதில் இப்படியான வேலை பார்த்தால் மேலிடத்துக்குத் தெரிந்துவிடுமாம். என்னுடையதில் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாதாம்.

மாப்பிள்ளை வீடு மொன்றியலிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வரும் லொங்குய்யில். அண்ணை அவர்களுடைய தெருவின் படத்தை எடுத்து, வாசலில் நின்ற காரைப் பெரிதாக்கிப் பார்த்தார். நகரசபைப் பக்கத்துக்குப் போய் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தார். தகப்பனின் பெயரைப் போட்டு, அவர் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்றும் துழாவினார். பிறகு ஏதோ பெரிய துப்பறிவாளர் மாதிரி சாப்பாட்டு மேசைக்கு வந்து, "வீடு தாய்ட பேரிலதான் கிடக்கு. தகப்பன் சுத்தமான ஆள்" என்று அறிவித்தார்.

மாப்பிள்ளையோடு நான் இரண்டு தடவை கோப்பிக் கடையில் இருந்து கதைத்திருந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து பதில் சொல்லும் மனிதர். எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. அவரை எனக்குப் பிடித்துவிட்டது. இது சரிவர வேண்டும் என்று மனதார விரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தாயும் தகப்பனும் மகனும் மொன்றியல் வில்லரேயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணை அதற்கு முன்பே என் கணினியைச் சுவரளவு பெரிய தொலைக்காட்சியோடு கொழுவி வைத்திருந்தார். கியூபாவுக்குப் போன படங்களைக் காட்ட வேண்டுமாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, கடற்கரையில் அரைக்காற்சட்டையோடு இளநீர் குடிக்கும் அண்ணையின் படம் எதற்கு? கேட்டால் கோபம் வரும் என்பதால் நான் கேட்கவில்லை.

படங்கள் ஒருவழியாக முடிந்தன. மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல கலகலப்பான மனிதர். "அடுத்த கிழமை நீங்கள் எல்லாரும் எங்கட வீட்டை வரவேணும். பாலத்தால இறங்கினாப் பிறகு ஒரு குழப்பமான திருப்பம் இருக்கு, காட்டுறன்" என்று கணினியைத் தன் பக்கம் இழுத்தார். வீட்டு இலக்கத்தின் முதல் இரண்டு எண்களைத்தான் தட்டினார். மிச்சத்தைக் கணினியே எழுதிவிட்டது. தெருவின் பெயர், தபால் குறியீடு, ஒன்றும் தப்பவில்லை. அதற்குக் கீழே அதே விலாசமும் 'வீட்டுச் சொந்தக்காரர் யார்' என்ற தேடலும். அதற்கும் கீழே அவருடைய முழுப் பெயர், பக்கத்தில் 'வழக்கு'. எல்லாம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரத்தில்.

தகப்பன் கையை மெல்ல எடுத்துவிட்டார். ஒன்றும் விளங்காத அம்மா மட்டும், "இன்னும் ரெண்டு வடை எடுங்கோவன்" என்றார். நான் அண்ணையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னிப்புக் கேட்டுச் சிரித்துச் சமாளித்திருக்கலாம்.

அண்ணை சிரிக்கத்தான் செய்தார். "அது தங்கச்சிட கொம்பியூட்டர். அவ எல்லாத்தையும் நோண்டிப் பாக்கிற ஆள்" என்றார்.

எனக்குக் காது சுட்டது. "நான் இல்லை, அண்ணைதான் பாத்தவர்" என்றேன். "பகிடி விடுறா" என்று அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவள் சொல்வதை யார் நம்புவார்கள்? தாய் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். மாப்பிள்ளை தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பேந்து கதைப்பம்" என்று எழும்பிப் போனார்கள்.

அவர்களின் கார் தெருமுனை தாண்டுவதற்குள் அண்ணை கணினிக்கு முன்னால் குந்திவிட்டார். வெட்கப்படுவார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். பிழை எங்கே என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். "உன்ர செற்றிங்தான் சரியில்லை. விலாசம் தானா எழுதுறதை நிப்பாட்டி வச்சிருக்க வேணும். பாத்ததுகளை அப்பப்ப அழிச்சிருக்க வேணும். ஒரு பொறுப்பு வேணும், பிள்ளை!"

கணினி பிரெஞ்சில் இருந்தது. இத்தனை வருடம் மொன்றியலில் இருந்தும் அண்ணையின் பிரெஞ்சு பொன்ஜூரோடும் மெர்சியோடும் நின்றுபோனது. ஆகவே அவர் அழிப்பதற்கு நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இது பார்த்த பக்கங்களின் பட்டியல், இது எழுதும்போது வரும் யோசனைகள், இது நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கேட்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி ஒரு மணித்தியாலத்தையா, எல்லாவற்றையுமா என்று அது கேட்டது. அண்ணையா குறைவாகச் செய்வார்? டோர்வலில் நான் வேலை செய்யும் இடத்தின் வேலைநேரம் பார்க்கும் பக்கம், நான் சேமித்து வைத்த கடவுச்சொற்கள், வாசித்து முடிக்காத கட்டுரைகள் எல்லாம் ஒரே தட்டில் போயின. "இனி ஒரு பிரச்சினையும் வராது" என்று மூடியைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

சில நாட்களில் மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தார். அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார். "பிள்ளையை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. எங்கட வீட்டு ஆம்பிளையள் ஆர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுற ஆக்கள். வீடு ஆரின்ர பேரில எண்டு பாக்கத் தெரிஞ்ச மருமகள்தான் எங்களுக்கு வேணும்."

அண்ணை காலுக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டார். "பாத்தியே? ஆராலை சரிவந்தது?"

எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் செய்யாத வேலைக்குப் புகழ் வாங்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் எப்படிப் போவது? மாப்பிள்ளையை மெத்ரோ ரயில் நிலைய வாசலில் சந்தித்து எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போல நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "உங்கட அண்ணையின்ர முகத்தைப் பாக்கவே விளங்கிச்சுது."

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"தேவையில்லாமல் ஏன் ஒரு பிரச்சினை? இப்ப அம்மாவுக்கும் பிடிச்சிருக்கு. நீங்கள்தான் பாத்தனீங்கள் எண்டே இருக்கட்டும். உங்களுக்கு என்ன நட்டம்?"

"உங்கட அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அது பிடிக்காமல் போனால்?"

"அது அப்ப பாப்பம்."

அதைச் சொன்னபோதும் அவரை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மெத்ரோவில் பக்கத்து இருக்கைக்காரி கைலேஞ்சி நீட்டும் அளவுக்கு அழுதேன். வீட்டுக்கு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிடும்படி அம்மாவிடம் சொன்னேன்.

அண்ணை வீடு அதிரக் கத்தினார். தான் பாடுபட்டு விசாரித்த இடமாம். ஒரு குறை இல்லாத குடும்பமாம். என்ன காரணத்துக்காக வேண்டாம் என்கிறேன் என்று அவருக்கு இப்போதே தெரிய வேண்டுமாம்.

சொன்னேன். "பழியைத் தூக்கி என்ர தலையில போட வீட்டில ஏற்கெனவே நீங்கள் இருக்கிறீங்கள், அண்ணை. அதுக்கு நான் இன்னொருத்தரைக் கலியாணம் கட்டத் தேவையில்லை."