சித்தப்பா கொல்லையின் மண்

சாய்த்துப் படுக்கவைத்த இரண்டு கண்ணாடித் தம்ளர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. செங்கல்பட்டில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த என் அக்கா, எங்கள் படாளம் வீட்டு ஜன்னலில் அவற்றை வைத்திருந்தாள். ஒன்றில் எங்கள் கிணற்றடி மண், மற்றதில் சித்தப்பாவின் கொல்லை மண். இரண்டிலும் கண்ணாடியை ஒட்டிப் பச்சைப்பயறு முளைவிட்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. அப்பா நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டுத் தெளிப்பானை வாய்க்காலில் கழுவினார். அந்தத் தண்ணீர்தான் கொல்லைக்குப் பாயும். சில நாளில் சித்தப்பாவின் கத்தரிச் செடிகள் இலை சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு செத்தன. அப்பா ஏதோ நோய் என்றார். சித்தப்பாவும் அதை நம்பி, அங்கேயே மறுபடி நாற்று நடக் கிளம்பினார்.

அக்கா அவரைக் கூப்பிட்டுத் தம்ளர்களைக் காட்டினாள். அப்பாவும் கூடவே நின்றார். கிணற்றடி மண்ணில் வேர்கள் அழகாகக் கீழே வளைந்திருந்தன. கொல்லை மண்ணில் அவை தடித்துக் குட்டையாகி, மேலேயும் பக்கவாட்டிலும் கண்டபடி போயிருந்தன.

"வேர சாச்சா, ஆக்சின்னு ஒரு ஹார்மோன் அடிப்பக்கமா சேந்துடும் சித்தப்பா. அந்தப் பக்கம் வளர்ச்சி கம்மியாவும், மேல்பக்கம் நீளும். அதான் கீழ வளையுது. வாய்க்கா தண்ணில வந்த களைமருந்தும் அந்த ஹார்மோன் மாதிரிதான். எல்லாப் பக்கமும் ரொம்பிட்டா, வேருக்கு எது கீழன்னு தெரியாது. இப்ப நடாதீங்க, மழை பெஞ்சு மண்ணு தெளியட்டும்."

சித்தப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாண்ணே, உனுக்குத் தெரியுமா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். சித்தப்பா அதன்பின் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அப்பா அக்காவிடம் பேசவில்லை. அவள் கல்யாணத்தில்கூட, காலில் விழுந்தவள் தலையில் எங்கோ பார்த்தபடி அட்சதை போட்டார். காரணம் சொல்லாமல் 'நடாதீங்க' என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்று அம்மா புலம்புவாள். "அவரு ஏன்னு கேட்டிருப்பாரேம்மா" என்பாள் அக்கா. அதற்கு மேல் அவர்கள் பேச்சு நகராது.

பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. அப்பா செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா வந்து கட்டிலருகே நின்றாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"டேய், சாப்ட்டாளான்னு கேளு."

அக்காவும் என்னைத்தான் பார்த்தாள். "சாப்ட்டேன்னு சொல்லுடா."

சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். அக்கா அன்று சாப்பிட்டிருக்கவில்லை. விடியற்காலை முதல் பஸ் பிடித்து நேராக அங்கே வந்திருந்தாள்.