செல்வராணி அக்கா குலுக்கிப் பார்த்த துண்டுகள்

செல்வராணி அக்கா இறந்த செய்தி காலை எட்டேமுக்காலுக்கு வந்தது. பட்டறை வாசலில், இறக்கிய அலுமினிய ஷீட்டில் கீறல் விழுந்ததற்காக லாரிக்காரரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் அக்காவின் கணவர் முத்தையா அண்ணன்.

"தம்பி, ராணி போயிருச்சு."

லாரிக்காரரை விட்டு ஓரமாக நகர்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"பள்ளத்தூர் வண்டிக்குக் கொஞ்சம் சொல்லிவிடுங்க. தன்னய அதுலதான் கொண்டுபோகணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. எங்க பட்டறையில செஞ்சது, பொட்டுச் சத்தம் வராதும்பா."

"சரிண்ணே" என்றேன். வேறு வண்டி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று முதலாளி என்னிடம் சொன்னார். நல்லதை எழுதுகிறேன். மற்றதையும் எழுதுவேன். பிடிக்கவில்லை என்றால் அச்சடிக்க வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் பட்டறை. சின்ன வண்டிகளுக்கு அலுமினிய பாடி கட்டுகிறோம். அக்கா ஸ்டோர் பார்த்தார். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் வீட்டில் ஜாக்கெட் தைத்தவர். முதுகு வலி வந்து மிஷினை விட்டுவிட்டு இங்கே வந்தார். இருபத்தைந்து வயதில், பாலிடெக்னிக் முடித்த கர்வத்தோடு நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தொன்று.

சேர்ந்த இரண்டாம் நாள் ஸ்டோர் ஜன்னலில் போய் நின்றேன்.

"பன்னிரண்டு மில்லி ரிவிட் ஒரு பெட்டி கொடுங்க."

"எதுக்குத் தம்பி?"

"ரிவிட் எதுக்கு? அடிக்கத்தான்."

"அது தெரியுது. என்ன கனத்துக்கு அடிக்கப் போறீக? துண்டு கொண்டாந்தீகளா?"

துண்டு என்றால் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற வெல்டர் சிரித்தான். பிறகுதான் தெரிந்தது, அந்த ஜன்னலில் துண்டு கொடுக்காமல் ஒரு ரிவிட்கூட வாங்க முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்பக்கம் கை போக முடியாத இடத்தில் இரண்டு தகடுகளைச் சேர்க்க நாங்கள் அடிப்பது பாப் ரிவிட். துளையில் நுழைத்து ரிவிட் கன் என்கிற கருவியால் இழுத்தால் அதன் நடு ஆணி பின்பக்கத்தைப் புடைக்க வைத்துவிட்டு முறிந்து வந்துவிடும். ஒவ்வொரு நீளத்துக்கும் அது பிடிக்கக்கூடிய கனம் என்று ஓர் எல்லை இருக்கிறது. தகடுகள் அதைவிடக் கனமாக இருந்தால் பின்னால் புடைக்க இடமில்லை. மெல்லிசாக இருந்தால், புடைப்பு தகட்டை வந்து அழுத்துவதற்குள் ஆணி முறிந்துவிடும். முன்னால் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, தலை பளபளவென்று உட்கார்ந்திருக்கும். வண்டி நூறு கிலோமீட்டர் ஓடினால் ஆட ஆரம்பிக்கும்.

அக்கா செய்தது இதுதான். ரிவிட் விழப்போகிற இடத்தில் என்னென்ன அடுக்கு வருகிறதோ, ஷீட், அதைத் தாங்குகிற சேனல் சட்டம், நடுவில் ரப்பர் என்று எல்லாவற்றிலும் கழிவுத் துண்டு வாங்கிக்கொள்வார். சேர்த்து வைத்துத் துளை போட்டு, ஸ்டோரிலேயே ஒரு ரிவிட் அடித்து, காதருகே வைத்துக் குலுக்குவார். சத்தம் வந்தால் வேறு நீளம். வராவிட்டால் அந்தப் பெட்டி வெளியே வரும். துண்டில் வண்டியின் பெயரை எழுதி, கம்பியில் கோத்து, சுவர் ஆணியில் மாட்டிவிடுவார்.

நீளமும் கனமும் போட்ட அட்டவணை என் போனில் இருந்தது. அக்காவுக்கு அது தேவைப்படவில்லை, எனக்குத் துண்டு தேவைப்படவில்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அக்கா எப்போதும் சரி என்று எழுத மாட்டேன். பிள்ளையார்பட்டியில் நிற்கும் டிபன் வண்டி ஒன்றை அரை மில்லி சந்தேகத்துக்காக ஒரு நாள் நிறுத்தி வைத்தார். கடைசியில் நான் சொன்ன நீளமே சரியாக வந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் பிந்துச்சு. இட்லி வண்டிதானே, ஊசியா போச்சு?" என்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது. அதனால்தான் ஒத்துப்போனோமோ என்னவோ.

எட்டு மாதத்துக்கு முன்னால் பள்ளத்தூர்ப் பக்கத்து அறக்கட்டளை ஒன்று சவ வண்டி கேட்டது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு இலவசமாக ஓட்டப்போகிறார்கள். சின்ன வண்டி. குளிர்பெட்டியே பாதி எடையைத் தின்றுவிடும், ஆகவே பாடி இலேசாக இருக்க வேண்டும். குளிர்பெட்டியால் உள்ளே ஈரம் நிற்கும், இரும்பு ஆணி உள்ள ரிவிட் போட்டால் துருப்பிடித்து வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். ஆகவே ஆணியும் அலுமினியமான ரிவிட்தான் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் சண்டையே இல்லை.

சண்டை கனத்தில் வந்தது. உள்பக்கப் பலகையில் ஒரே வரிசையில் மூன்று கனம். நடுவில் இரண்டரை மில்லி, மூலையில் நான்கு, கதவுத் தூண் பக்கம் ரப்பரோடு ஆறரை. ஸ்டோரில் இருந்தது பன்னிரண்டு மில்லி நீளம் மட்டும். அது ஆறரைக்குப் பிடிக்கும், மற்றதற்குப் பிடிக்காது. அக்கா மல்டிகிரிப் ரிவிட் வேண்டும் என்றார். மெல்லிசு, கனம் இரண்டையும் ஒரே ரிவிட் பிடிக்கும். மதுரையிலிருந்து வர இரண்டு நாள். வண்டி மறுநாள் காலை திறப்பு விழாவுக்குப் போக வேண்டும், பந்தல் போட்டாகிவிட்டது.

"இருக்கிறதை அடிப்போம்" என்றேன்.

"எங்கிட்டு அடிக்கிறது? ஊருக்கெல்லாம் ஒரே அளவுல ஜாக்கெட் தச்சுக் குடுத்தா போடுவாகளா?"

"அக்கா, உள்ளே போறவர் வந்து புகார் சொல்லப் போறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கூட உக்காந்து போறவுகளுக்குக் காது இருக்குல்ல தம்பி? அன்னைக்கு அவுகளுக்கு வேற என்ன கேக்கும்?"

அக்காவுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது அங்கே எதுவுமில்லை. என் அட்டவணையும் அதையே சொன்னது. தெரிந்தே நான் அடித்தேன். அந்தப் பெட்டியை அக்கா தன் கையால் தரவில்லை. சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மல்டிகிரிப் பெட்டி வந்தது. அக்காவே ஆர்டர் போட்டிருந்தார். துண்டும் செய்து குலுக்கிப் பார்த்துவிட்டு, பெட்டிமேல் 'பள்ளத்தூர் வண்டிக்கு' என்று சாக்பீஸால் எழுதி வைத்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்ப்பார். "வண்டி வரட்டும், மாத்திடுறேன்" என்பேன். வண்டி வரவில்லை. வரச் சொல்லி நான் போனும் செய்யவில்லை.

அதற்கடுத்த மாதம் அக்காவுக்கு வயிற்றுவலி. மாத்திரை போட்டு இரண்டு மாதம் ஓட்டினார். மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கெஞ்சுவதற்கும் நம்புவதற்கும் அவர்கள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை பார்க்கப் போனேன். இரண்டாம் முறை போனபோது கை மணிக்கட்டு ரிவிட் கன் பிடி அளவுக்கு மெலிந்திருந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்த வண்டி ரிவிட்ட மாத்துனீகளா?"

"மாத்தியாச்சுக்கா."

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும்."

"குலுக்கிப் பாத்தீகளா?"

"பார்த்தேன். சத்தமே இல்ல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "இன்ஜினியர் தம்பி ஒரு வழியா உருப்பட்டுட்டாக" என்று முத்தையா அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், மறுநாளே வண்டியை வரவழைத்து மாற்றிவிட்டால் இது பொய்யாகாது என்று கணக்குப் போட்டேன். மறுநாள் வேறு வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது.

அக்கா இறந்த அன்று மதியம் மூன்று மணிக்கு வண்டி எடுத்தார்கள். உள்ளே பெட்டிக்கு ஒருபுறம் முத்தையா அண்ணன், மறுபுறம் நான். தெரு முனை திரும்புகிறவரை பறைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மெயின் ரோடு ஏறியதும் பறைக்காரர்கள் பின்தங்கிவிட்டார்கள். முதல் வேகத்தடையில் ஆரம்பித்தது. டகடகடக. என் தலைக்குப் பக்கத்தில், சரியாக அந்த இரண்டரை மில்லி இடத்தில்.

உள்ளங்கையை வைத்துப் பலகையை அழுத்தினேன். அங்கே நின்றது, மூலையில் கிளம்பியது. இன்னொரு கையை மூலைக்குக் கொடுத்தேன். அண்ணன் பக்கத்துச் சுவர் ஆட ஆரம்பித்தது. எனக்கு இரண்டு கைதான். சுவரைப் பிடித்தபடி, குனிந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மயானம் வரை போனேன்.

பாதி வழியில் அண்ணன் கேட்டார். "என்ன தம்பி சத்தம்?"

"ரோடு சரியில்லண்ணே."

அவர் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டே வந்தார். "அவ மட்டும் இருந்தா இப்ப எந்திரிச்சு ஒங்களச் சண்ட பிடிப்பா" என்று சொல்லிவிட்டுத் தோள்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அன்று அவருக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான்.

முத்தையா அண்ணே, ரோடு நன்றாகத்தான் இருந்தது. நான் மாற்றவே இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னதும் பொய், வண்டியில் சொன்னதும் பொய்.

ஒன்பதாம் நாள் அறக்கட்டளைக்குப் போன் செய்து வண்டியை வரவழைத்தேன். பழைய ரிவிட்டுகளின் தலையை டிரில்லில் எடுத்து, சாக்பீஸ் எழுத்து அழியாத அந்தப் பெட்டியை உடைத்து, எல்லா இடத்திலும் மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஆனது. எட்டு மாதமாக எனக்குக் கிடைக்காத இரண்டு மணி நேரம். சாக்கோட்டை வரை ஓட்டிக்கொண்டுபோய்த் திரும்பினேன். சத்தமே இல்லை. இனி அதில் போகிறவர்கள் அமைதியாகப் போவார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

வண்டியை அனுப்பிவிட்டு ஸ்டோருக்குள் போனேன். ஆணியில் அக்காவின் துண்டுகள் கொத்தாகத் தொங்கின. 'பள்ளத்தூர்' என்று எழுதிய துண்டைத் தேடி எடுத்தேன். மூன்று கனம், மூன்று ரிவிட், மூன்றும் இறுகப் பிடித்திருந்தன. காதருகே வைத்துக் குலுக்கினேன்.

மாத்தியாச்சுக்கா. எல்லா இடத்திலும். குலுக்கியும் பார்த்துவிட்டேன்.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம், அக்காவின் காலி நாற்காலி. துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.